கோப்புக்குள் இருந்த பெட்டிசம்

அரசாங்கத்தின் விலை மதிப்பீட்டு அதிகாரி எங்கள் கடைக் காணியில் நின்றது மொத்தமாகப் பத்து நிமிஷம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், அதனால் நிச்சயமாகச் சொல்வேன். வந்தார், முன்பக்கத்தை அளந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், ஏதோ எழுதினார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. கடைத் தேத்தண்ணியைக் குடிக்காத ஆளை நம்பலாமா? குடித்திருந்தால் அதற்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும், அது வேறு விஷயம்.

நான் சந்தேகக்காரி. அதை மறைத்து எழுதி என்ன பயன்? மீன்காரர் தராசைத் தூக்கினால் தட்டுக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் மிச்சக்காசு தந்தால் இறங்குவதற்குள் இரண்டு தரம் எண்ணுவேன். மௌத்தாகிப்போன என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்: "இவளுக்கு சுபஹுக்குப் பாங்கு சொன்னாலும் காணாது. மணிக்கூட்டப் பாத்துப்போட்டுத்தான் எழும்புவா." கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். பாங்கு சொல்கிற மோதினுக்கும் தூக்கம் வரும்தானே?

எங்களுடையது கற்பிட்டி வீதியோரத்தில் ஒரு சோற்றுக்கடை. காலையில் இடியப்பமும் சம்பலும் சொதியும், பகலில் சோறும் மீன்கறியும். கருவாடு ஏற்றுகிற லொறிக்காரர்கள், வெங்காயம் ஏற்றுகிற லொறிக்காரர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் நிற்பார்கள். நாட்டில் சண்டை முடிந்த பிறகு வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். கடலில் பட்டம் விட்டு விளையாட இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால் யார் நம்புவார்? ஆனால் அவர்கள் வந்ததோடு வீதியோரத்துக் காணியெல்லாம் விலை ஏறியது. வாரத்துக்கு ஒரு தரகர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைப்பார். எல்லோரையும் விரட்டினேன். கடைசியில் வந்தது விரட்ட முடியாத ஆள். வீதியை அகலமாக்கப் போகிறோம், கடையும் முன் காணியும் அரசாங்கத்துக்கு வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள்.

அப்போது கணவர் போய் இரண்டு வருஷம். கடைதான் எனக்கு எல்லாம். காணியை எடுங்கள், அதற்குச் சரியான விலையைத் தாருங்கள், நான் வீதியோரத்தில் இன்னொரு துண்டு வாங்கி அடுப்பை மூட்டிக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிறகு மதிப்பீடு வந்தது. அந்தக் காசுக்கு மௌத்தானவர்களை அடக்குகிற மையவாடிக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கைக்குள்தான் காணி வாங்கலாம். மையவாடிக்குப் பின்னால் எந்த லொறிக்காரர் இடியப்பம் சாப்பிட வருவார்?

சிலாபத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். வயது குறைந்தவர், தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் கதைப்பார். அவர் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து வாசித்துச் சொன்னார். விலை குறைந்ததற்கு மூன்று காரணம் எழுதியிருந்தது. ஒன்று, மாரியில் காணியில் தண்ணீர் நிற்கிறது. இரண்டு, பின்னால் குடியிருப்பவர்கள் நடந்து போகிற வழி காணிக்குள்ளால் போகிறது. மூன்று, கட்டடம் வெறும் கொட்டில், வியாபாரத்துக்கு உகந்த காணி இல்லை.

எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது.

"சேர், அந்த ஆள் வந்தது கொளுத்துற வெயில்ல. மாரியில தண்ணி நிக்கிற கதை அவருக்கு எப்படித் தெரியும்?"

சட்டத்தரணி பேனையை மூடினார். "நல்ல கேள்வி அக்கா."

"பின்னால அவர் போகவே இல்ல. வழி இரிக்குதெண்டு யார் சொன்ன?"

"அதுவும் நல்ல கேள்விதான்" என்றார். ஆனால் பதில் சொல்லவில்லை. எனக்கு அவர் மேலும் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

பதில் கிடைத்தது பிரதேச செயலகத்தில். விசாரணை என்று கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் எங்கள் காணியின் கோப்பைப் புரட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னார்: இதற்குள் ஒரு பெட்டிசமும் இருக்கிறதே. எனக்குச் சிங்களம் வாசிக்க வராது, ஆனால் கடைக்கு வருகிற சாரதிகளோடு கதைத்துக் கதைத்துக் காது பழகிவிட்டது. கழுத்தை நீட்டினேன். அவர் கோப்பை மூடிவிட்டார்.

பெட்டிசம்! எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அரசாங்கத்துக்குப் போடுகிற மனு என்று வெளியாட்களுக்குத்தான் சொல்ல வேண்டும். ஒருவன் மதில் கட்டினால் பெட்டிசம், ஒருத்தியின் மகளுக்கு வேலை கிடைத்தால் பெட்டிசம், பள்ளிவாசலில் கந்தூரிச் சோறு குறைந்தால் அதற்கும் பெட்டிசம். பெயர் போடாமல் எழுதுகிற மொட்டைப் பெட்டிசம்தான் அதிகம். யாரோ என் காணி மேல் ஒன்றை எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதை வைத்துத்தான் அந்த அதிகாரி பத்து நிமிஷத்தில் வேலையை முடித்திருக்கிறார். எல்லாம் பொருந்தியது. பிரதியைக் கேட்டு எடுங்கள் என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் வேண்டாமென்றார். நாமே கேட்டால் அதற்குப் பெறுமதி வந்துவிடும், அவர்கள் காட்டினால் பார்ப்போம் என்றார்.

அவர் பார்க்கட்டும். நான் அன்றிரவே ஆளைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

முதலில் எதிர்க்கடைக்காரர். அவருடையதும் சோற்றுக்கடை. வீதி எங்கள் பக்கம் மட்டும்தான் அகலமாகிறது, அவருடைய காணியில் ஒரு விரல் அகலம்கூடப் போகவில்லை. அதுவே சந்தேகத்துக்குப் போதும். ஆனால் அவர் மாரியில் எங்கள் பின்வளவைக் கண்டிருக்க மாட்டார். தண்ணீரையும் வழியையும் ஒன்றாகத் தெரிந்தவர் பின்பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். கடைக்குப் பின்னால், களப்புக் கடலுக்குப் போகிற பக்கம், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களின் குடியிருப்பு இருந்தது. எங்கள் காணிக்குள்ளால் அடிக்கடி நடந்து வருவது அங்கே ஒரே ஒருவர்தான்.

அவர் எனக்கு இடியப்பம் அவித்துத் தருகிற ராத்தா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா மாதிரி. கையெழுத்து வராது, ஆனால் அவருடைய இடியப்பத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் நூல் நூலாகத் தெரியும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடியக் காலையில் கடையின் பின்பக்கத்தால் வருவார். வாங்கில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, "வாறன் புள்ள" என்று அதே வழியால் போவார். வருஷக்கணக்காக இதுதான்.

யோசிக்க யோசிக்க எல்லாம் அவரையே காட்டியது. அவருடைய மருமகன் பிரதேச செயலகத்தில் கோப்பு தூக்குகிற வேலை செய்தான். அறிவித்தல் ஒட்டின அன்று ஊரெல்லாம் வந்து என் கடைக்காகக் கவலைப்பட, அவர் மட்டும், "எங்கட வழி என்ன ஆகும் புள்ள?" என்று கேட்டார். வழி அரசாங்கக் கடுதாசியில் ஏறினால் அதை யாரும் மறிக்க முடியாதென்று மருமகன் சொல்லிக் கொடுத்திருப்பான். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ராத்தா, எனக்கு எதிரா பெட்டிசம் போட்டீங்களா?"

அவர் பிளேன்ரீக் கோப்பையை வாங்கில் வைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லவில்லை.

"உனக்கு எதிரா நான் ஒண்டும் செய்யல்ல புள்ள. அல்லா அறிவான்."

"அல்லாவ இதுக்குள்ள இழுக்காதீங்க. ஓம் எண்டோ இல்ல எண்டோ சொல்லுங்க. பெட்டிசத்தப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த நாள் ஆள் பிடித்து, பின்பக்கத்து வழியை முள்ளுக்கம்பியால் அடைத்தேன். சட்டத்தரணி அடைக்கச் சொல்லவில்லை. சொன்னபோது, அடைத்தது நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. இடியப்பத்தையும் நிறுத்தினேன். டவுனில் மெசினில் அவிக்கிற இடத்திலிருந்து எடுத்தேன். கயிறு மாதிரி இருக்கும். ஒரு லொறிக்காரர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இதைக்கொண்டு படகு கட்டலாம் என்றார். அவர் மேலும் கோபப்பட்டேன். ராத்தா அதற்குப் பிறகு பள்ளிவாசல் வீதியால் சுற்றித்தான் பெரிய வீதிக்கு வந்தார். பெட்டி தலையில் இருக்கும். எதிர்க்கடைக்குள் ஏறுவதைக் கண்டேன். பார், இரண்டு பேரும் ஒன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பிறகு கொழும்பில் வழக்கு வந்தது. நீதிமன்றத்தைக் கோடு என்று நாங்கள் சொல்லுவோம். அது கோடு இல்லை, மீளாய்வுச் சபை என்று சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் திருத்துவார். மூன்று பேர் உயரத்தில் இருக்க, கீழே நின்று சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்கிற இடத்துக்கு வேறென்ன பெயர்? எனக்குச் சாட்சியாக என் கடையில் ரொட்டி சுடுகிறவரைக் கூட்டிப் போனேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று அரசாங்கத்துச் சட்டத்தரணி நினைத்திருப்பார். அவர் ரொட்டிக்காரரிடம் இரண்டு கேள்விதான் கேட்டார்.

என்னிடம் நிறையக் கேட்டார். சத்தியம் பண்ணிவிட்டு நின்றேன். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார்.

காணியில் மாரியில் தண்ணீர் நிற்குமா?

"மழை பெஞ்சா எந்தக் காணியிலதான் தண்ணி நிக்காது சேர்?"

காணிக்குள்ளால் வழி போகிறதா?

"வேலி அடைச்சிரிக்கு."

இந்தக் காணி வியாபாரத்துக்கு உதவாது என்று நீங்கள் எப்போதாவது, யாரிடமாவது சொன்னதுண்டா?

"இல்ல" என்றேன். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த 'இல்ல'யில் கள்ளம் இல்லை. நான் அப்படிச் சொல்வேனா? தரகர்களிடம் இந்தக் காணி பொன் என்று சொல்லி விரட்டினவள் நான்.

அவர் ஒரு மஞ்சள் பூத்த கடுதாசியை எடுத்து உயரத்தில் கொடுத்தார். பிறகு அது என் கைக்கு வந்தது. சிங்களத்தில் தட்டச்சு செய்த பெட்டிசம். ஒரு எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. அடியில் இருந்தது மட்டும் தமிழ். என்னுடைய கையெழுத்து. அதற்குக் கீழே மை அப்பினமாதிரி ஒரு கறுப்பு. மையொற்றுகிற தாள் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"இது உங்கள் கையெழுத்தா?"

கள்ளக் கையெழுத்து என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் என் பெயரின் கடைசி எழுத்தில் நான் போடுகிற அந்தச் சுழியை வேறு யாரும் போட மாட்டார்கள். "ஓம்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் சத்தமாக வாசித்தார். பிரதேச சபையின் தவிசாளர் அவர்களுக்கு. எனது காணிக்குப் போட்ட சோலைவரி மிக அதிகம். இது வியாபாரத்துக்கு உதவாத காணி. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பின்னால் குடியிருக்கும் ஏழை மக்கள் நடந்து போகும் வழி இதற்குள்ளால் போகிறது. கடை என்று சொல்வது ஒரு கொட்டில். எனது கணவர் நோயாளி, படுத்த படுக்கையில் இருக்கிறார்.

கணவர் என்ற சொல்லில்தான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. பல வருஷத்துக்கு முந்திய கதை. சோலைவரியைக் கூட்டிவிட்டார்களென்று கொதித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் பெட்டிசம் எழுதுகிறவர்கள் மரத்தடியில் தட்டச்சு மெசினோடு இருப்பார்கள். ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சிங்களத்தில் அடித்தால்தான் வேலை நடக்கும் என்று அவரே அடித்தார். எல்லோருக்கும் அவர் அடிப்பது அதே பல்லவியாகத்தான் இருக்கும். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படுத்த படுக்கையில் இருப்பதாக எழுதிய என் கணவர் அந்த நேரம் ரோட்டோரத்தில் நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார். சுருளில் பாதிதான் கச்சான், மிச்சம் கோது என்று நான் அவரோடும் கச்சான்காரனோடும் சண்டை பிடித்தது வரைக்கும் ஞாபகம் வந்தது. சோலைவரி குறைந்தது. பெட்டிசத்தை மறந்தேன். கடைசியில் அவர் உண்மையாகவே படுக்கையில் ஆறு மாதம் கிடந்துதான் போனார். அந்தக் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. வழக்குக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நடுவில் இருந்தவர் தமிழிலேயே கேட்டார். "அம்மா, அப்ப சொன்னது உண்மையா, இப்ப சொல்றது உண்மையா?"

"ரெண்டு தரமும் அரசாங்கத்தோடதான் கதைச்ச, சேர்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு உதவியதோ என்னவோ, சிங்களத்தில் இருந்ததை வாசிக்காமல்தான் ஒப்பமிட்டேன் என்பதை நம்பினார்கள். முந்திய பதிலுக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கவில்லை. தீர்ப்பு வந்தபோது விலையைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். கேட்டதில் பாதி வரவில்லை. பெரிய வீதிக்குக் காணாது, மையவாடி ஒழுங்கைக்கு மிஞ்சும். நடுவில் சந்தைப் பக்கம் ஒரு சின்ன அறை எடுக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று திரும்பி வரும்போது சட்டத்தரணி சொல்லவில்லை. அவருடைய முகம் சொன்னது.

எதிர்க்கடைக்காரர் இல்லை, மருமகன் இல்லை, அந்தப் பத்து நிமிஷ அதிகாரிகூட இல்லை. பிரதேச சபைக் கோப்பில் கிடந்ததை அவர் ஒழுங்காக எடுத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். இத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். என் கையெழுத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

இரண்டு நாள் ராத்தாவைப் பார்க்கப் போக வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். அவர் முற்றத்தில் அரிசி மாவை அரித்துக்கொண்டிருந்தார். "வா புள்ள, இரி" என்றார், நேற்றுத்தான் கண்டமாதிரி. ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். நான் இருக்கவில்லை.

"ராத்தா, அந்தப் பெட்டிசம் நான் போட்டது."

"தெரியும்" என்றார்.

"யார் சொன்ன? மருமகனா?"

"அவன் என்னத்துக்குச் சொல்ல? நானும் உன்னோட வந்தேன்தானே அண்டைக்கு. பின்னால இரிக்கிற ஏழை ஒருத்தர்ட ஒப்பமும் இருந்தா நல்லம் எண்டு நீதானே கூட்டிப் போனாய். என்ட கைநாட்டு அதுல இரிக்கு."

அந்தக் கறுப்பு மை. எனக்குக் கச்சான் சுருள் ஞாபகம் இருந்தது, கோது ஞாபகம் இருந்தது. ஒருநாள் அவிப்பை விட்டுவிட்டு எனக்காகப் புத்தளம் வரைக்கும் வந்த ஆளை மறந்திருந்தேன்.

"நீ ரோட்டில நிண்டு உன்ட புருசன் நானாவோட சண்டை. நான் எழுத்துத் தெரியாதவள், என்ன எழுதியிரிக்கு எண்டு வாசிச்சுச் சொல்லாம விரல் வைக்க மாட்டேன் எண்டேன். எழுதினவர் வாசிச்சார். நானா படுக்கையில எண்டு இருந்துது. அத எடுங்க, வாய் முகூர்த்தம் நல்லதில்ல எண்டு சொன்னேன். ஓம் எண்டார். எடுத்தாரா?"

எடுக்கவில்லை என்பதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டேன், கோபத்தோடுதான் கேட்டேன். "அண்டைக்கு நான் கேக்கக்குள்ள இத ஏன் சொல்லல்ல? ஒரு வருஷம், ராத்தா! வழிய அடைச்சேன். உங்கட பொழைப்பக் கெடுத்தேன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்கும்தானே."

அவர் அரிதட்டைக் கீழே வைத்தார்.

"நீ அல்லாவ முன்னுக்கு வெச்சு சத்தியம் பண்ணப் போறவள். அங்க கேப்பாங்க, நீ சொன்னியா எண்டு. நான் சொல்லித் தந்திருந்தா, தெரிஞ்சுகொண்டு இல்ல எண்டு சொல்லுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? காணிக்காகச் சொல்லுவாய். தெரியாமச் சொன்னா அது பொய் இல்லதானே."

நான் சொல்லியிருப்பேன். யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும்.

அந்தக் கதிரையில் இருந்தேன். அவர் மாவை அரித்து முடித்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்தேன். நாளைக்கு இடியப்பம் கொண்டு வருவீங்களா என்று கேட்டேன். எதிர்க்கடைக்குக் கொடுப்பதை நிறுத்த முடியாது, அவர் கஷ்டத்தில் கைகொடுத்த ஆள், மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்றார். மனவருத்தமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

எழும்பினேன். மஃரிபுக்கு நேரம் நெருங்கியிருந்தது. குறுக்கால் போனால் கடைக்கு இரண்டு நிமிஷம். நான் அடித்த முள்ளுக்கம்பி அப்படியே இருந்தது, இழுத்துப் பார்த்தேன், நல்ல பலமாகத்தான் அடித்திருந்தார்கள். பள்ளிவாசல் வீதியால் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன்.